மஞ்சள் வண்டிக்காரன்

மஞ்சள் பெயின்ட் இன்னும் காயவில்லை, பெட்ரோல் டேங்கின் வயிற்றில் காலை வெயில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, கலை இயக்குநரின் ஆள் ஒருவர் சின்னப் பிரஷ்ஷால் விளிம்பில் விட்டுப்போன இடங்களைத் தொட்டுத் தொட்டு மூடிக்கொண்டிருக்கிறார், சென்னியப்பன் பக்கத்தில் நின்று அதையே பார்க்கிறார், இது இல்லை அந்த மஞ்சள், அது இன்னும் கொஞ்சம் அடர்த்தி, சொல்லலாமா என்று வாயைத் திறக்கிறார், மூடிக்கொள்கிறார், அந்த நிறத்தை இத்தனை சுத்தமாக எப்படி ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது. அவருக்கு அறுபத்தெட்டு வயது, கோயமுத்தூரில் பழைய ஜாவா வண்டிகளைக் கிளப்பத் தெரிந்தவர்கள் இன்று நாலைந்து பேர்தான், அதில் இவர் ஒருவர் என்று யாரோ சொல்லி சினிமாக்காரர்கள் தேடி வந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள், பன்னிரண்டு வண்டி, பன்னிரண்டும் ஓட வேண்டும், அதுதான் வேலை. என்ன கதை என்று அவர் கேட்கவில்லை, மூடிக் கிடக்கும் பஞ்சாலையின் கேட்டுக்குள் கார் திரும்பியபோதுதான் சுவரில் சிவப்பு எழுத்தில் வேலைநிறுத்தம் என்று புதிதாக எழுதிப் பழசாக்கியிருந்ததைப் பார்த்தார், ஓலைப் பந்தலைப் பார்த்தார், வரிசையாக நின்ற வண்டிகளில் ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார், கால் இரண்டும் திரும்பிப் போ என்றன, ஆனால் இறக்கிவிட்ட கார் அதற்குள் போய்விட்டிருந்தது.

டைரக்டர் ஒரு பெண், அருள்மொழி என்று பேர், முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு வேகமாக நடக்கிறவள், வந்து கும்பிட்டுவிட்டுச் சொன்னாள், எழுபத்தொம்போதுல இந்த ஊர்ல நடந்த சம்பவம் ஸார், பேரெல்லாம் மாத்திட்டோம், பழைய பேப்பரைத் தேடித் தேடி எடுத்தேன், ஒரு மோட்டார் சைக்கிள் கிளப், சும்மா ஞாயித்துக்கிழமை ஊர் சுத்தினவங்க, கடைசியில மில் வாசல்ல ஒரு தொழிலாளியை அடிச்சே கொன்னுட்டாங்க, நீங்க அப்போ இங்கதானே இருந்திருப்பீங்க, கேள்விப்பட்டிருப்பீங்களே. கேள்விப்பட்டிருக்கறனுங்க, என்றார் சென்னியப்பன், சொல்லிவிட்டு முதல் வண்டியின் கார்புரேட்டர் பக்கம் குனிந்துகொண்டார், குனிந்தால் முகம் தெரியாது.

பெட்ரோலில் ஆயில் கலந்த அந்த வாசனை, அது மூக்கில் ஏறிய உடனே அவர் அவனாகிவிடுகிறார், இருபது வயது, ஒல்லி, லேத்துப் பட்டறையில் வேலை, அவனுக்கு முன்னால் ஆறுச்சாமி அண்ணன் போய்க்கொண்டிருக்கிறார், ஃபவுண்டரியில் அச்சு எடுக்கிற வேலை அவருக்கு, எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கரிமண் போகாது, அந்தக் கையால் பழைய ஜாவா ஒன்றை வாங்கிக் கழற்றிப் பூட்டி, கோயில் தேருக்கு அடித்து மிஞ்சிய மஞ்சளைக் கேட்டு வாங்கி வந்து டேங்குக்கு அடித்து வைத்திருந்தார், ஏனுங்ணா இந்த நெறம் என்று கேட்டால், மூடுபனிலயும் முன்னால போற எனைய நீங்க கண்டுபிடிக்கோணும்டா என்பார். ஆறு பேர்தான் அப்போது, நொய்யல் ரைடர்ஸ் என்று பேர் வைத்தது ஆறுச்சாமி, சட்டம் இரண்டே இரண்டு, குடித்துவிட்டு வண்டி தொடக்கூடாது, எவனையும் வழியில் விட்டுவிட்டு வரக்கூடாது. திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி, ஒவ்வொரு வளைவிலும் நின்று பின்னால் வருகிற ஹெட்லைட்டை எண்ணுவார், ஐந்து வந்ததா, சரி போலாம். அவர் மனைவி வசந்தாமணி பின்னால் உட்கார்ந்திருப்பாள், மகன் சம்பத் டேங்கின் மேல், காற்றில் அவள் முந்தானை படபடவென்று அடித்து சென்னியப்பனின் முகத்தில் படாத குறை, மேலே போய் தக்காளிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து முதல் உருண்டையை இவனிடம்தான் நீட்டுவாள், தின்னுங்க தம்பி, காத்தடிச்சாச் சாஞ்சிருவீங்களாட்ட இருக்குது. அவன் அந்த வளைவுகளில் சிரித்துக்கொண்டே போனான், தனக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது என்று முதல்முறையாகத் தோன்றியது, பட்டறையில் அவன் டேய், இங்கே அவன் சென்னியப்பா.

ஸார், மூணாவது வண்டி ஸ்டார்ட் ஆகல, என்று உதவி இயக்குநர் ஒருவர் கூப்பிடுகிறார், போகிறார், பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி மிதிக்கிறார், பிடித்துக்கொள்கிறது, நீலப் புகை, கறுப்புச் சட்டை போட்ட நடிகர்கள் வரிசையாக வந்து வண்டிகளில் ஏறுகிறார்கள், ஒரே மாதிரி கறுப்புச் சட்டை, அது எப்போது வந்தது, எழுபத்தேழா, எழுபத்தெட்டா, ஆறு பேர் நாற்பது பேரான பிறகு, யாரோ ஒருத்தன் சொல்லி எல்லோரும் தைத்துக்கொண்டார்கள், ஆறுச்சாமிக்கு அது பிடிக்கவில்லை, சாவு வூட்டுக்குப் போறாப்ல இருக்குது என்றார், ஆனால் அவரும் போட்டுக்கொண்டார். நாற்பது வண்டி ஒன்றாக வந்து ஒரு பேக்கரி முன்னால் நின்றால் உள்ளே பேச்சு நின்றுபோகும், ஒரு நாள் அப்படித்தான், டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தர், அவன் அப்பா வயது இருக்கும், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து பெஞ்சைக் காலி செய்து கொடுத்தார், சென்னியப்பன் கேட்கக்கூட இல்லை, உட்கார்ந்தான், அந்த மனிதர் உட்கார்ந்திருந்த சூடு பெஞ்சில் இன்னும் இருந்தது, அந்தச் சூடு அவன் உடம்புக்குள் ஏறியது, நன்றாக இருந்தது, அது நன்றாக இருந்ததுதான் பிரச்சினை.

பிறகு கிட்டானின் கால் போனது, ஆறு பேரில் ஒருவன் கிட்டான், சூலூர் தாண்டி ஒரு லாரி உரசிவிட்டுப் போனதில் முட்டிக்குக் கீழே நொறுங்கியது, அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு மற்றவர்கள் லாரியைத் துரத்தினார்கள், கருமத்தம்பட்டி பக்கம் மறித்து டிரைவரை இழுத்துப் போட்டார்கள், புள்ள குட்டிக்காரனுங்க சாமி, பாக்கலீங்க சாமி என்று அவன் காலைப் பிடித்தான், முதல் அறை ஆறுச்சாமி அறைந்தது, ஒரே ஒரு அறை, அழுதுகொண்டே அறைந்தார், அதற்கப்புறம் நாற்பது பேரின் கை, நாற்பது பேரின் கால், போதும் உடுங்கடா, டேய் போதும்டா என்று அவர் கத்துகிறார், அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் சொல்லி யாரும் கேட்கவில்லை. டிரைவர் பிழைத்துக்கொண்டான், ஆனால் சேதி ஊரெல்லாம் பரவியது, யார் வீட்டு வேலித் தகராறு என்றாலும், யார் கடையைக் காலி செய்ய வேண்டும் என்றாலும் நொய்யல்காரங்களைக் கூப்பிடுங்க என்றார்கள், போய் வண்டியை நிறுத்தி ஆக்ஸிலேட்டரை முறுக்கினாலே போதும், எதிராளி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான். ஆறுச்சாமி வருவதைக் குறைத்துக்கொண்டார், ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போலாம் வாங்கடா என்பார், மூன்று பேர் வருவார்கள்.

எழுபத்தொன்பது சித்திரையில் மில்லில் வேலைநிறுத்தம், இருபத்திரண்டு நாள் ஆகியும் முடியவில்லை, உள்ளே நூல் பொதிகள் கிடக்கின்றன, லாரி உள்ளே போக வேண்டும், வெளியே வர வேண்டும், மில் தரப்பில் ஒருத்தர் அம்பாசிடரில் வந்து கிளப் கூட்டத்தில் பேசினார், லாரிக்கு முன்னால நீங்க வண்டியில வந்தாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம், கிளப்புக்குனு ஒரு கட்டடம் தந்தர்றோம். ஆறுச்சாமி எழுந்தார், எங்கப்பன் மில்லுல பஞ்சத் தின்னே இருமிச் செத்தவன், இந்தச் சோலிக்கு நான் வர்ல, எவனும் போகப்படாது என்றார், யாரும் தலை நிமிரவில்லை, அவர் ஒருமுறை எல்லோரையும் பார்த்தார், கறுப்புச் சட்டையைக் கழற்றி மடித்து பெஞ்சின் மேல் வைத்துவிட்டு பனியனோடு வெளியே போனார். அண்ணனுக்கு வயசாயிப்போச்சு, பயம் வந்துருச்சு என்று சொன்னது யார், சென்னியப்பன்தான் சொன்னான், இருபத்துநாலு வயதில் அவன் குரல் அப்படி ஒரு கூட்டத்தின் நடுவில் நின்று ஒலிப்பதை அவனே ஆச்சரியமாகக் கேட்டான், நாளான்னிக்குக் காலைல பத்து மணிக்கு, முன்னால நான் போறேன், வர்றவன் வா.

முன்னால் போகிறவனுக்கு வண்டி இல்லை, அவனுடையது பட்டறையில் கழற்றிப் போட்டபடி கிடந்தது, பின்னால் உட்கார்ந்துகொண்டு தலைவனாகப் போக முடியுமா, அன்று காலை எட்டரை மணிக்கு ஆறுச்சாமி வீட்டுக்குப் போனான், அவர் ஃபவுண்டரிக்கு எப்போதும் பஸ்ஸில் போவார் என்று தெரியும், வசந்தாமணி வாசலில் மகனுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள், அக்கா, அண்ணன் வண்டிய எடுத்துட்டு வரச் சொன்னாருங்க, பிரேக்கு பாக்கோணுமாம் என்றான். அவள் சீப்பை வாயில் கடித்துக்கொண்டு உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள், சாப்டீங்களா தம்பி, இட்லி இருக்குது, என்றாள், வேண்டாங்கக்கா, நேரமாச்சு. அவன் ஓடினான், அந்த இட்லியைத் தின்றிருந்தால் என்று எத்தனை தடவை நினைத்திருப்பான், ஒரு கால் மணி நேரம் பிந்தியிருந்தால், ஆறுச்சாமி பஸ்ஸில் முன்னாலேயே மில் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தால்.

முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள், எல்லோரும், புழுதிக்கு என்று சொல்லிக்கொண்டார்கள், இருபது வண்டி, பின்னால் இரண்டு லாரி, மில் வாசல் பந்தலில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள், பெண்கள் சுவரோடு ஒண்டினார்கள், ஒரே ஒரு ஆள் மட்டும் ஓடவில்லை, காக்கி அரைக்கால் சட்டை, தோளில் துண்டு, நடு ரோட்டில் வந்து நின்று மஞ்சள் வண்டியின் ஹாண்டில்பாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டான், அடிக்க வரவில்லை, திட்டவில்லை, இத்தனை கிட்டத்தில் அவன் முகம், மூக்கில் வியர்வை பூத்திருக்கிறது, ஏப்பா, உன்ற வூட்லயும் எவனாச்சும் மில்லுக்குப் போறவன் இருப்பானில்ல, திருப்பிட்டுப் போயிரு சாமி, என்றான். பின்னால் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சென்னியப்பனின் இடுப்பில் டயர் கழற்றும் கம்பி, அது எப்படிக் கைக்கு வந்தது, முதல் அடியில் அந்த ஆள் கையை விடவில்லை, இரண்டாவது அடியில் துண்டு நழுவியது, மூன்றாவது அடி தேவையே இல்லை, மூன்றாவது அடிக்குக் காரணம் என்ன என்று நாற்பத்துநாலு வருஷமாக அவர் தேடிக்கொண்டிருக்கிறார், இல்லை, தேடவில்லை, அது அவருக்குத் தெரியும். கூட்டம் சிதறியது, அவன் வண்டியைத் திருப்பினான், திருப்பும்போது எதிரே நின்ற டவுன் பஸ்ஸிலிருந்து ஒருத்தர் குதித்து இறங்குவதைப் பார்த்தான், ஃபவுண்டரிக்குப் போனவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், பாதி வேலையில் ஓடி வந்திருக்கிறார், ஆறுச்சாமி தன் மஞ்சள் வண்டியைப் பார்த்தார், கைக்குட்டைக்கு மேலே தெரிந்த இரண்டு கண்ணைப் பார்த்தார், ஒரு நொடி, அப்புறம் விழுந்து கிடந்தவனிடம் ஓடினார். வாய்க்காலில் வண்டியைக் கழுவினான், பத்தரை மணிக்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்திச் சாவியைக் கொடுத்தான், வசந்தாமணி சொட்டிக்கொண்டிருந்த சக்கரத்தைப் பார்த்தாள், கழுவியே குடுத்திருக்கீங்களாட்ட, என்று சிரித்தாள்.

ஒண்டிமுத்து என்று பேர் அந்த ஆளுக்கு, மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனான். அவனை மடியில் தூக்கி வைத்து ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுபோனவர் ஆறுச்சாமி, அவர் பனியன் முழுக்க ரத்தம், பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்று, மஞ்சள் வண்டிக்காரன் அடித்தான், கட்டிய கைக்குட்டைக்குள் இருந்த முகத்தை யாரும் பார்க்கவில்லை. வண்டி யாருது என்று போலீஸ் கேட்டது, என்னோடதுங்க என்றார், ஓட்டுனது யாரு, அதற்குப் பேச்சில்லை, ஸ்டேஷனில் பேச்சில்லை, கோர்ட்டில் பேச்சில்லை, ஃபவுண்டரியிலிருந்து பாதி வேலையில் ஓடியதே அவருக்கு எதிராகப் போனது, கிளப்பில் இருந்தவர்கள் நாங்கள் அங்கே போகவே இல்லை என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு ஊருக்குப் பிரிந்தார்கள். சென்னியப்பன் காத்திருந்தான், இன்றைக்குச் சொல்லிவிடுவார், நாளைக்குச் சொல்லிவிடுவார், வீட்டு வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கும், கேட்கவில்லை, ஏழு வருஷம் என்று தீர்ப்பு வந்த அன்று அவன் பட்டறையில் ஒரு ஷாஃப்டைக் கடைந்துகொண்டிருந்தான், சேதி சொன்னவனிடம் அப்படியா என்று கேட்டான், கடைசலை நிறுத்தவில்லை.

அதற்கப்புறம் ஒரு வாழ்க்கை நடந்தது, கல்யாணம், பம்ப்செட் கம்பெனியில் வேலை, மகள், மகளுக்குத் திருப்பூரில் கல்யாணம், மனைவி போய்ச் சேர்ந்தாள், அவளிடமும் சொல்லவில்லை. ஆறுச்சாமி விடுதலையாகி வந்து திருச்சி ரோட்டில் பஞ்சர் கடை போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சென்னியப்பன் திருச்சி ரோட்டில் போகவில்லை, எங்கே போவதென்றாலும் சுற்றிக்கொண்டு போவார், பஸ் அந்த வழி போனால் முன்னாலேயே இறங்கிவிடுவார், உங்களுக்கென்ன கெரகம், இப்படிச் சுத்தறீங்க என்று மனைவி கேட்பாள். இரண்டாயிரத்து ஒன்றில் ஆறுச்சாமி செத்தபோது அவர் வீட்டுக்கு எதிரே இருந்த பேக்கரி வரைக்கும் இவர் போனார், டீ வாங்கினார், பாடை தூக்குவதைப் பார்த்தார், குடிக்காத டீயை வைத்துவிட்டுத் திரும்பினார்.

ரோலிங், என்று யாரோ கத்துகிறார்கள், நிமிர்கிறார், வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, மஞ்சள் வண்டியின் மேல் கதாநாயகன் உட்கார்ந்திருக்கிறான், படத்தில் அவன்தான் ஆறுச்சாமி, பந்தலின் முன்னால் காக்கி அரைக்கால் சட்டையோடு ஒரு நடிகர், டைரக்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதில் காப்பிக்கொட்டை நிறச் சேலையில் ஒரு அம்மா, முடி முழுக்க வெளுப்பு, தடித்த கண்ணாடி, அருள்மொழி குனிந்து அந்த அம்மாவிடம் ஏதோ சொல்கிறாள், பிறகு இவரைக் காட்டுகிறாள், ஸார், இவங்கதான் அந்த மஞ்சள் வண்டிக்காரரோட மனைவி, வரமாட்டேன்னுதான் சொன்னாங்க, கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். வசந்தாமணி தலையைத் திருப்பி இவரைப் பார்த்தாள், தெரியும் கண்ணு, நல்லாவே தெரியும் என்றாள், மறுபடி முன்னால் பார்த்தாள். ஆக்‌ஷன். வண்டி வருகிறது, நடிகர் ஹாண்டில்பாரைப் பிடிக்கிறார், கதாநாயகன் வலது கையை ஓங்கி அடிக்கிறான், கட், ஒன் மோர், மறுபடி வலது கை, மறுபடி கட், அந்த அம்மா நாற்காலியின் கையைப் பிடித்திருக்கிறாள், விரல் வெளுத்துப்போயிருக்கிறது, தன் புருஷன் அடிப்பதை, அவர் அடிக்காத அடியை, மூன்றாவது தடவையாக அடிக்கப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், சென்னியப்பனின் வாயிலிருந்து அது தானாக வந்தது, வலது கை இல்லீங்க.

அருள்மொழி திரும்பினாள், என்ன ஸார்? வலது கையில ஆக்ஸிலேட்டர் இருக்குதுங்க, அதை உட்டா எஞ்சின் அணைஞ்சுபோகும், எஞ்சின் அணையல, அடிச்சது எடது கைல. அது எப்படி ஸார் உங்களுக்குத் தெரியும், நீங்க பார்த்தீங்களா? இல்லை என்று சொல்ல இன்னும் இடம் இருந்தது, ஒரு தலையாட்டல் போதும், மெக்கானிக் ஆளுங்க, அதனால தெரியும் என்றால் போதும், நாற்பத்துநாலு வருஷம் அவரைக் காப்பாற்றிய அந்தச் சின்ன இடம் இப்போதும் அங்கேயே இருந்தது, அவர் அதைத் தாண்டினார். பாக்கலீங்க, அடிச்சதே நானுங்க, அந்த அண்ணன் அடிக்கல, அவரு பஸ்ஸுல வந்து எறங்கறப்போ எல்லாம் முடிஞ்சுபோச்சு. யாரோ ஜெனரேட்டரை நிறுத்தினார்கள், கறுப்புச் சட்டை நடிகர்கள் ஒவ்வொருவராக வண்டியை அணைத்தார்கள், அருள்மொழி ஹெட்போனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவைப் பார்த்தாள், அம்மா, உங்களுக்கு இது...

சாவிய எடுத்துக் குடுத்தவளே நாந்தான கண்ணு, எனக்குத் தெரியாதா, என்றாள் வசந்தாமணி. சென்னியப்பன் தரையில் உட்கார்ந்தார், ஏனுங்கக்கா, அப்பறம் ஏன் ஒரு வார்த்தை நீங்க சொல்லல? நான் சொல்றேன்னுதான் நின்னேன், செயிலுக்குப் பாக்கப் போனப்பயெல்லாம் கேட்டேன், சொல்லிப்போடறேன், உடுங்க என்னைய, புள்ளைய வெச்சுட்டு நான் என்ன பண்ணுவேன்னு, அவரு உடல, அவரு சொன்னது இதுதான், மொதோ அடி நான் அடிச்சது வசந்தா, அந்த லாரிக்காரன நான் தொடாம இருந்திருந்தா இவன் எவனையும் தொட்டிருக்கமாட்டான், அவனே வருவான் பாருன்னாரு, செயில்லயும் சரி, கடையிலயும் சரி, வந்த ஆளையெல்லாம் நீங்கதானான்னு எட்டி எட்டிப் பாப்பாரு, சாவறவரைக்கும் பாத்தாரு. அவள் கண்ணாடியைக் கழற்றினாள், துடைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள், அவரு செத்ததுக்கப்பறம் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு நானும் உட்டுட்டேன், அது தப்புன்னு இன்னிக்குத்தான் தெரியுது, எந்திரிங்க, இத என்ற பையங்கிட்ட வந்து சொல்லுங்க, அம்பது வயசாச்சு அவனுக்கு, கொலகாரன் பையன்னு சொல்லி எத்தன எடத்துல பொண்ணு குடுக்கல தெரியுமா. அருள்மொழி மெல்லக் கேட்டாள், அம்மா, அப்போ நான் இந்த சீனை எப்படி எடுக்கறது? அது உன்ற சோலி கண்ணு, என்றாள் வசந்தாமணி.

இத்தனை வருஷம் கழித்து வசந்தாமணியோடு திருச்சி ரோட்டில் சென்னியப்பன் கால் வைத்தது அன்றுதான், ஆறுச்சாமியின் பஞ்சர் கடை இப்போது டயர் கடையாகி இருக்கிறது, சம்பத் ஒரு கார் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான், அப்பாவின் அதே அகலமான தோள், அதே கை, டேங்கின் மேல் உட்கார்ந்து வந்த குழந்தைக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. சென்னியப்பன் நின்றுகொண்டே சொன்னார், சாவியிலிருந்து தொடங்கி வாய்க்கால் வரைக்கும், எதையும் விடவில்லை, சம்பத் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை, அடிப்பான் என்று தோன்றியது, அடித்தால் தேவலை என்று தோன்றியது. எல்லாம் முடிந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான், அடிக்கறப்போ உங்களுக்கு என்னங்க இருந்துச்சு, கோவமா, பயமா? சென்னியப்பன் யோசிக்கவில்லை, யோசித்தால் பொய் வந்துவிடும், சந்தோசமா இருந்துச்சு சாமி, என்றார், மொதோ ரெண்டு அடி பயத்துல, மூணாவது அடி அதுக்குத்தான் அடிச்சேன். வசந்தாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சம்பத் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினான், இரண்டு தடவை சோப்புப் போட்டான், நான் உங்கள ஒண்ணும் பண்ணப்போறதில்ல, என்றான் முதுகைக் காட்டியபடியே, ஆனா எங்கப்பன் செயில்ல இருந்து வந்த மறுநாளே அந்த ஒண்டிமுத்து வூட்டுக்குப் போனாரு, எனக்குப் பன்னண்டு வயசு, என்ற கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு, ஒண்டிமுத்து சம்சாரம் வெளக்கமாத்த எடுத்துட்டு வந்து அடிச்சுது, வாசல்ல நின்னு அத்தனையும் வாங்கிட்டு வந்தாரு, அப்பவும் நான் இல்லீன்னு சொல்லல, நீங்க சொல்ல வேண்டியது எங்களுக்கில்ல, வாங்க.

இருகூரில் ரயில்வே கேட் தாண்டி நாலாவது வீதி, ஓட்டு வீடு, சம்பத் பைக்கை நிறுத்தியபோது சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், வீதியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள், எதிர்வீட்டில் ஒருத்தர் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டியதும் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள், ஒண்டிமுத்துவின் மகள், ருக்மணி, சம்பத்தைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது, உங்களுக்கு இங்க என்ன வேணும் என்றாள், எனக்கொண்ணும் வேண்டாங்க, இவரு பேசோணுமாம், என்று சம்பத் ஒதுங்கி நின்றான். சென்னியப்பன் கும்பிட்டார், கும்பிட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் இறக்கினார், அம்மிணி, உங்கப்பன அடிச்சது இந்தப் பையனோட அப்பன் இல்லீங்க, நானுங்க, என்ற பேரு சென்னியப்பன். இவ்வளவு நாள் நெஞ்சுக்குள் மலை மாதிரி கிடந்தது, வெளியே வந்தபோது ஒரு மூச்சுக்குக்கூடக் காணவில்லை, தனக்கே சரியாகக் கேட்கவில்லை. ருக்மணி அவரைக் கீழிருந்து மேல் வரை பார்த்தாள், செருப்பு, வேட்டியில் ஆயில் கறை, அழுவாள் என்று நினைத்தார், கத்துவாள் என்று நினைத்தார், அவள் வழியை விட்டு விலகி நின்றாள்.

எங்கிட்டச் சொல்லி என்ன, எனக்கு அப்ப ஆறு வயசு, அம்மாகிட்டச் சொல்லுங்க, என்றாள். உள்ளே ஜன்னலோரம் கட்டிலில் நாச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள், எண்பது வயது, ஒடுங்கிய உடம்பு, புருஷன் செத்த பிறகு அதே மில்லில் அவன் வேலைக்கே போய் இருபத்தாறு வருஷம் மெஷின் ஓட்டியவள், சென்னியப்பன் அவள் காலடியில் உட்கார்ந்து மறுபடி அதைச் சொன்னார், அவள் அவர் உதட்டையே பார்த்தாள், ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தாள். அம்மாவுக்குக் காது கேக்காதுங்க, என்றாள் ருக்மணி, மெஷின் சத்தத்துல போயிருச்சு, நல்லா சத்தமாச் சொல்லோணும். ஜன்னல் திறந்திருந்தது, வெளியே குடங்களின் சத்தம் நின்றிருந்தது, வரிசையில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள், எதிர்வீட்டுக்காரர் துணியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்திருந்தார், சம்பத் வாசற்படியில் நிற்கிறான், சென்னியப்பன் மூச்சை இழுத்தார், உங்க வூட்டுக்காரரக் கொன்னது நானுங்க, என்று கத்தினார். நாச்சம்மாள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து அவர் பக்கம் குனிந்தாள், ஆருங்க, என்று கேட்டாள். அவர் எழுந்து நின்றார், தொண்டை கிழிய, அந்த வீதி முழுவதற்கும் கேட்கிற மாதிரி, நானுங்க, நான், சென்னியப்பன், என்று இன்னொரு தடவை கத்தினார்.